மே மாதத்து மூன்று பானைகள்

சிங்களக் கிராமங்களின் பஸ் தரிப்பிடங்கள் பல, போரில் இறந்த யாரோ ஒரு சிப்பாயின் நினைவாக எழுந்தவை. தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டவுக்கு வரும் பாதையிலும் அப்படி ஒன்றில் மழைக்கு ஒதுங்குவோம். சுவரில் சீருடைப் பையனின் படம், பிறந்த திகதி, இறந்த திகதி. கழித்துப் பார்த்தால் இருபதைத் தாண்டிக் கொஞ்சம்தான். எங்கள் தோட்டத்துப் பெண்கள் அதே வாங்கில் பையை இறக்கி வைக்கிறார்கள். யாரும் எழும்பச் சொன்னதில்லை. மகன் பெயரில் வழிப்போக்கருக்கு நிழல் கொடுத்த அந்தத் தாயோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

*

அதே போரில் செத்தவர்கள் எங்கள் லயங்களுக்கும் உண்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து மலையை விட்டு வன்னிக்குப் போனவர்கள் பலர். கிளிநொச்சிப் பக்கம் பாரதிபுரம், மலையாளபுரம் என்று காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் ஷெல்லுக்கு முன்னால் சனம் முள்ளிவாய்க்கால் நோக்கி நகர்ந்தபோது அவர்களும் நகர்ந்தார்கள். மேல் லயத்து அக்காவின் அண்ணன் திரும்பவில்லை. பத்தரமுல்ல படைவீரர் நினைவுச்சின்னம் அவருக்கானது அல்ல, அவர் சிப்பாய் இல்லை. வடக்கின் மேடைகளிலோ மலையகத்தில் பிறந்தவர் என்பது பேச்சில் வராது. அக்கா மாடத்தில் ஒரு விளக்கு வைக்கிறார். எந்தத் திகதியில் வைப்பது என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது.

*

கண்டியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்த காலத்து மரணங்கள். சுமார் 200 கல்லறைகள். ஆங்கிலேயர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர். பகைவராக இருந்த இத்தாலியரும் சிலர். புல் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கிறது. உயிரோடு இருந்தபோது இவர்களை ஒரே மேசையில் உட்கார விட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு கதை.

கோப்பாயில் நடந்தது இன்னொன்று. புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் 2011இல் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. புலிகள் செய்த கொலைகளை நான் மறக்கவில்லை. 1998 ஜனவரியில் தலதா மாளிகை வாசலில் வெடித்த லொறியைக் கண்டியைச் சுற்றி வாழும் எவரும் மறக்க முடியாது. ஆனால் ஒரு தாய் போய் உட்காரும் மண்ணை இடிப்பது அதற்குப் பதில் ஆகாது.

*

பூவுக்கும் இங்கே சண்டை நடந்திருக்கிறது. போரில் இறந்தவர் நினைவாக நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூவின் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரருக்கே போனது. அதற்கு எதிராக 1930களில் இளைஞர்கள் பூவரசம் பூவை விற்றார்கள்; சிங்களத்தில் அது ‘சூரிய மல்’. 1933இல் அதற்காக எழுதியவர்களில் டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்ணும் ஒருவர். அதே இளைஞர்கள்தான் 1934இல் மலேரியா பரவியபோது கிராமங்களுக்கு மருந்தோடு போனார்கள். இறந்தவருக்கான பூவிலிருந்து நோயாளியின் பாய்வரை வந்த இயக்கம் அது. அதற்கு இணையான ஒன்றை நமது நினைவுகூரல் எதிலும் நான் காணவில்லை.

*

மே மாதத்தில் மூன்று அடுப்பு எரிகிறது. வெசாக்குக்குத் தன்சல்: சந்தியில் பந்தல் போட்டு யார் வந்தாலும் சோறு, பால் தேத்தண்ணி. நாங்களும் வரிசையில் நிற்போம், இனம் கேட்கமாட்டார்கள். படைவீரர் மாதமும் அதுவே. பன்சலைகளில் அவர்கள் பேரில் தானம். வடகிழக்கில் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான 18ஆம் திகதியை ஒட்டி உப்புக் கஞ்சி. போரின் கடைசி நாட்களில் சனம் குடித்தது அதைத்தான். 2024 மே மாதம் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைதானார்கள். நீதிமன்றத் தடையுத்தரவு இருந்ததாம்.

இறந்தவர் பேரில் பசித்தவருக்குக் கொடுப்பது இந்தத் தீவின் எல்லா மதத்துக்கும் பழக்கம். ஒரு பானைக்கு மட்டும் பொலிஸ் வந்தது.

*

அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல், சுதந்திர தினத்தன்று போரில் பாதிக்கப்பட்ட எல்லாருக்குமாகத் தனி நிகழ்வு ஒன்று நடத்தச் சொன்னது. 2015 பெப்ரவரி 4ஆம் திகதி மூன்று மொழியிலும் ஒரு சமாதானப் பிரகடனம் வாசித்தார்கள். அது வழக்கமாக நிலைக்கவில்லை.

எல்லாரும் ஒரே மேடையில் சேர்ந்து அழவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்குக் காலம் எடுக்கும், எடுக்கட்டும். அடுத்த மே மாதம் கஞ்சிப் பானைக்குத் தடை கேட்டு யாரும் நீதிமன்றம் போகாமல் இருக்கட்டும். அரசு முதலில் அதைச் செய்யட்டும்.