சந்தையும் சொற்கட்டும்

கர்நாடகத்தின் மேல்கோட்டைச் செல்வநாராயணர் கோயிலில் ஆழ்வார் பாசுரம் ஓதும் கோஷ்டி தொடங்கினால் காதில் விழுவது தமிழ். வெளியே வந்து புளியோதரைக்கு விலை கேட்பது கன்னடத்தில். ராமானுசர் இங்கே 12 ஆண்டுகள் தங்கினார் என்கிறது வைணவக் குருபரம்பரை நூல். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு கழிந்தும் பாசுரம் நிற்கிறது. கன்னட எழுத்தில் அச்சிட்ட பிரபந்தப் புத்தகங்கள் உண்டுதான். ஆனால் புத்தகத்துக்கு ழகரம் சொல்லித்தர வராது. சந்தை சொல்லித்தான் பாடம் ஏற வேண்டும்: ஆசான் ஒருமுறை, சீடன் இருமுறை. நாக்கு வழுக்கினால் மறுபடி முதலிலிருந்து.

மிருதங்கமும் இப்படித்தான் ஏறுகிறது. மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1942-இல் பூவாளூரில் பிறந்தவர். அவருடைய குரு பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்தால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும் என்பதற்காகவே அவரை அழைக்கத் தயங்கிய பாடகர்கள் உண்டு. (சங்கீத உலகின் பெருந்தன்மை அவ்வளவுதான்!) சீடரோ வலக்கைக்காரர். கையை அப்படியே நகலெடுக்க முடியாத இடத்தில் தகதிமி என்று வாயால் சொல்லும் சொற்கட்டுதான் கைகொடுக்கும். கை தாளம் போட, வாய் சொல்ல, அது சுத்தமான பிறகுதான் தோலில் விரல்.

1971-இல் சங்கரன் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். தமிழே அறியாத மாணவர்கள் பனிக்கால வகுப்பறையில் தகதிமி சொன்னார்கள். பொருள் தெரியாமல் ஓதுவது கிளிப்பிள்ளை வேலை என்பவர்கள் மேல்கோட்டையிலும் உண்டு, டொராண்டோவிலும் உண்டு. தகதிமிக்கு என்ன பொருள்? சுத்தமாகச் சொல்லப் பழகியவனிடம் பொருள் பத்து வருஷம் கழித்தும் வந்து சேரலாம். சுத்தம் போய்விட்டால் அது வந்து உட்கார இடமில்லை.

கடல் கடந்தால் கலை நீர்த்துவிடும் என்ற கவலை எனக்குப் பாதிதான் நியாயமாகப் படுகிறது. உள்ளூரிலேயே நீர்த்துப்போனவை எத்தனை! பாசுரத்தை மேல்கோட்டையில் காத்தது மண் என்று தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து “இல்லை, திரும்பச் சொல்” என்ற யாரோ ஒருவர். யூடியூபில் தனியாவர்த்தனம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். நம் பிழையைக் கேட்டு நிறுத்த அதற்குக் காது கிடையாது.

பழனி 1962-இல் மறைந்தபோது சங்கரனுக்கு இருபதை ஒட்டிய வயது. அதன்பின் “திரும்பச் சொல்” என்பதற்கு எதிரே ஆள் இல்லை. தன் வாசிப்பைக் குருவின் காதால் தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். ஒன்பது ஆண்டு கழித்து விமானம் ஏறியபோது மிருதங்கத்தோடு அந்தக் காதும் டொராண்டோ போனது.