விலைக்கு வாங்கிய சாக்ஷி

தன் கடையைப் பற்றியோ, கல்விச்சாலையைப் பற்றியோ, ஆராய்ச்சியைப் பற்றியோ ஓர் இணையதளம் அமைத்துக்கொண்ட மனிதன், அது தேடுபொறியின் முதற்பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று விரும்பி, அதற்கென்றே சந்தாவுக்குக் கிடைக்கும் எஸ்.இ.ஓ. மென்பொருள் ஒன்றைத் துணைக்கொள்வானாயின், அவன் செய்வது தர்மத்துக்கு இசைந்த முயற்சியா, அல்லது கீர்த்தியாசையின் நவீன வேஷமா என்ற கேள்வி, சமய நூல்களில் பழகிய மனத்துக்கு எளிதில் எழக்கூடியது. கேள்வி எழுந்தவுடனே விடையும் எழுந்துவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள அபாயம். நல்ல சரக்கு தானே விலைபோகும், புகழைத் துரத்துகிறவனை அகங்காரம் துரத்தும் என்றெல்லாம் சொல்லிவிட்டு நாம் அப்பால் போய்விடலாம். என் அபிப்பிராயத்தில் இந்த ஆக்ஷேபணை, குற்றமில்லாத இடத்தில் குற்றத்தைக் கண்டு, அது குடியிருக்கும் இடத்தைப் பாராமலே விட்டுவிடுகிறது.

முதலில் அந்த மென்பொருளின் தொழிலைப் பார்ப்போம். செம்ரஷ், ஏரெஃப்ஸ், மாஸ் என்று பெயர்கள் பலவானாலும் வேலை பெரும்பாலும் ஒரே வகைதான்: தளத்தின் பக்கங்களையெல்லாம் சோதித்து, எந்த இணைப்பு அறுந்து கிடக்கிறது, எதற்குத் தலைப்பு இல்லை, எது திறக்கத் தாமதிக்கிறது என்று குறைகளைப் பட்டியலிடுவது, ஜனங்கள் எந்தச் சொற்களை இட்டுத் தேடுகிறார்கள் என்று காட்டுவது, அச்சொற்களுக்கு நம் தளம் எத்தனையாவதாக நிற்கிறதென்று நாள்தோறும் குறித்துவைப்பது, வேறு எந்தெந்தத் தளங்கள் நம்மைச் சுட்டி இணைப்புத் தந்திருக்கின்றன என்று, தொழிலில் உள்ளவர்கள் பேக்லிங்க் என்று சொல்லும் அவற்றைக் கணக்கெடுப்பது. இவற்றுள் முதல் இரண்டிலும் அதர்மத்தின் வாசனைகூட எனக்குத் தென்படவில்லை. நீரிழிவைப் பற்றி ஒரு மருத்துவர் எவ்வளவு சாஸ்திரோக்தமாக எழுதிவைத்திருந்தாலும், ‘சுகர்’ என்று தட்டித் தேடும் நோயாளியின் கண்ணில் அது படாமலே போகுமானால், அவருடைய வித்தை அந்த நோயாளியைப் பொறுத்தவரை இருந்தும் இல்லாததே. குறைப்பட்டியலில் வரும் ஒரு சிறு விஷயத்தையும் இங்கே விசேஷமாகச் சொல்ல வேண்டும். படத்துக்கு மாற்றுரை எழுதப்படவில்லை என்று மென்பொருள் குறைகூறும். தேடுபொறிக்குப் படம் விளங்க வேண்டுமே என்று சலிப்போடு தளத்தின் சொந்தக்காரர் எழுதிவைக்கும் அந்த ஒரு வரியைத்தான், கண்பார்வையில்லாத வாசகருக்கு அவருடைய கணினி வாய்விட்டுப் படித்துச் சொல்கிறது. முதலிடத்தின்மேல் வைத்த ஆசை இப்படியொரு பரோபகாரத்தில் போய் முடியுமானால், நோக்கத்தை மட்டும் நிறுத்துப் பார்த்துப் புண்ணிய பாபங்களை வகுப்பது அவ்வளவு சுலபமான காரியமன்று.

பேக்லிங்குகளைப் பற்றிய பகுதிக்கு வரும்போதுதான் விஷயம் தத்துவமாகிறது. ஆதியில் இருந்த தேடுபொறிகள், ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்லிக்கொள்கிறது என்பதையே பெரிதும் நம்பியிருந்தன. ஆகவே தளக்காரர்கள் வேண்டிய சொற்களை நூறு முறை திருப்பித் திருப்பி எழுதியும், வெண்மையான பின்னணியில் வெண்மையான எழுத்துகளால், மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் இயந்திரத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி ஒளித்துவைத்தும் அவற்றை ஏமாற்றினார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த லாரி பேஜும் செர்கே பிரினும், 1998-இல் பிரிஸ்பேன் நகரில் நடந்த மாநாட்டுக்கு எழுதிய கட்டுரையில் விளக்கிய பேஜ்ரேங்க் என்ற முறை, தற்புகழ்ச்சியை விட்டுப் பிறர் வாக்கைக் கேட்டது. ஒரு பக்கத்தை இன்னொரு பக்கம் சுட்டினால், அது அதற்குச் சொல்லும் சாக்ஷியம். நம் நாட்டுத் தார்க்கிகர்கள் இதைக் கண்டால், அச்சமின்றி, ‘இது சப்தப் பிரமாணம்’ என்றிருப்பார்கள்.

காட்சி, அனுமானம், உவமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களைக் கொண்டது நியாய தரிசனம். சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்று மூன்றைக் கொள்ளும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் பதியாகிய இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவைகளைப் பற்றிப் பேசியதன் காரணம், எதைக்கொண்டு அறிகிறோம் என்பது தெளியாமல் எதை அறிந்தோம் என்று வாதிப்பதில் பயனில்லை என்பதே போலும். ஆப்தனுடைய உபதேசமே சப்தம் என்று நியாய தரிசனத்தின் கௌதமர் சூத்திரம் செய்தார். யார் அந்த ஆப்தன்? பொருளை நேரே அறிந்தவனும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்கு உரைக்கும் விருப்பம் உடையவனும் ஆப்தன் என்றார் பாஷ்யகாரரான வாத்ஸ்யாயனர். அதோடு நில்லாமல், இந்த லக்ஷணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒரு தன்மையாகப் பொருந்தும் என்றும் சேர்த்தார். பிறப்பையும் பதவியையும் ஒதுக்கிவிட்டு, அறிவு, சத்தியம் என்ற இரண்டையே சாக்ஷியின் தகுதியாக வைத்த அந்த விசாலத்தை, பழமையைப் போற்றுவோரும் தூற்றுவோரும் ஒருங்கே மறந்துவிடுவதை நான் பல சமயம் எண்ணி வருந்தியதுண்டு.

ஆனால் பேஜ்ரேங்க் ஆப்தனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முக்கியமான பக்கங்கள் எதைச் சுட்டுகின்றனவோ அது முக்கியமானது என்கிறது. சுட்டும் பக்கம் முக்கியமானதென்று எப்படித் தெரியும் என்றால், அதையும் முக்கியமானவை சுட்டுகின்றன என்கிறது. தர்க்கம் படித்த மாணவன் உடனே, ‘அன்யோன்யாச்ரய தோஷம்!’ என்று எழுந்து நிற்பான். ஒன்றை நிறுவ மற்றொன்றும், மற்றொன்றை நிறுவ இந்த ஒன்றும் வேண்டியிருந்தால் இரண்டுமே நிலைபெறா என்பது சாஸ்திரம். கணிதம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் ரசிக்கத் தக்கது. எல்லாப் பக்கங்களுக்கும் சமமான மதிப்பைக் கொடுத்துத் தொடங்கி, ஒவ்வொன்றும் தன் மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கச் செய்து, அதையே மீண்டும் மீண்டும் கணக்கிட்டால், எண்கள் அலைந்து அலைந்து கடைசியில் ஒரு நிலையில் அமைந்துவிடுகின்றன. அவ்வாறு அமைவதற்கு ஓர் ஏற்பாடும் இருக்கிறது. இணைப்புகளின் வழியே ஓடுவது மதிப்பில் 0.85 பங்குதான்; எஞ்சிய 0.15 பங்கு, யாரும் சுட்டாத அநாதைப் பக்கம் உட்பட, எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. யாருடைய சிபார்சும் இல்லாமல் ஒவ்வொன்றுக்கும் உரிமையாகக் கிடைக்கும் இந்தச் சிறு பாகம் இல்லாவிட்டால், ஒன்றையொன்று மட்டுமே சுட்டிக்கொள்ளும் சிறு கூட்டங்கள் வந்த மதிப்பையெல்லாம் வெளியே விடாமல் விழுங்கிவிடும். பிறர் மதிப்பால் அளக்கும் முறைகூட, அளக்கப்படாத ஒரு மதிப்பை முன்கூட்டியே எல்லோருக்கும் ஒப்புக்கொண்டாலொழிய நேரிதாக நடவாது என்பதைக் கணினி இயல் படித்த இரு இளைஞர்கள் கண்டுகொண்டதில், சமயவாதிக்குச் சிந்திக்க நிறைய இருக்கிறது.

 

இனிக் குற்றத்தின் இருப்பிடத்துக்கு வருவோம். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. ஜே. சி. பென்னி என்ற பழம்பெரும் அமெரிக்க அங்காடி, உடை, படுக்கை விரிப்பு, தரைக் கம்பளம் என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலிடத்தில் நின்றது. சாம்சனைட் பெட்டியைத் தேடியவருக்கு, அதைச் செய்யும் சாம்சனைட் கம்பெனிக்கே முன்னதாக அங்காடியின் பெயர் வந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, அந்தச் சரக்குகளோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அங்காடியைச் சுட்டும் இணைப்புகள் நட்டுவைக்கப்பட்டிருந்தன. கூகுள் கைவைத்ததும், அந்தப் பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த அங்காடி இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்கு இறங்கியது. தான் அந்த இணைப்புகளுக்கு அனுமதி தரவில்லை என்று அங்காடி சொல்லி, தனக்காக வேலை செய்த ஆலோசகர்களை விலக்கியது. கடையின் சரக்கு மட்டமானதா என்றால், அப்படி யாரும் சொல்லவில்லை. புகழாசையா குற்றம்? எந்த வியாபாரிக்கும் அது உண்டு. நட்டுவைத்த அந்த இணைப்பு ஒவ்வொன்றும், பொருளை அறியாத ஒருவன், அறிந்தபடி உரைக்கும் விருப்பமும் இல்லாமல், கூலிக்குச் சொன்ன சாக்ஷியம் என்பதே குற்றம். பொய்ச்சாக்ஷியால் நஷ்டமடைகிறவன் எதிர்க்கட்சிக்காரன் மட்டுமல்லன். முகமறியாத மனிதர்களின் வாக்கை நம்பியே வாழவேண்டிய உலகத்தில், அந்த நம்பிக்கைக்கு ஆதாரமான பிரமாணமே மாசுபடுகிறது. அடுத்த நாள் உண்மையான சாக்ஷி வந்து சொன்னாலும் அவன் பேச்சுச் செல்லாது.

மென்பொருளுக்கு இதில் பங்கில்லையா என்றால், உண்டு. தளத்தின் ‘அதிகாரத்தை’ ஒன்று முதல் நூறு வரையிலான ஓர் எண்ணாக்கிக் காட்டுகிறது மாஸ். மற்றவையும் இதே போன்ற எண்களைத் தருகின்றன. அந்த எண் கூகுளின் கணக்கன்று என்று மாஸ் தானே சொல்லியும், காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து மகிழ்கிறவர்களும் சோர்கிறவர்களும் இருக்கிறார்கள். கூகுளும் ஒரு காலத்தில் பேஜ்ரேங்கைச் சுழி முதல் பத்து வரை ஒரு பட்டையில் யாவரும் காணும்படி வைத்திருந்தது; அந்த எண்ணுக்கேற்ப இணைப்புகளுக்கு விலை பேசும் சந்தை ஒன்று முளைத்தது; 2016-இல் அதைக் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். ஓர் அளவையே இலக்காகிவிட்டால் அது அளக்கும் சக்தியை இழக்கும் என்னும் கருத்து, 1975-இல் பிரிட்டனின் பணக் கொள்கையைப் பற்றிப் பேசிய சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்லும்போது நாம் அதை மனச்சாந்திக்கான மருந்தாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். பற்று வைத்தவன் கையில் அளவுகோலே வளைந்துபோகிறது என்ற இன்னொரு பொருளும் அதில் அடங்கியிருக்கக்கூடும்.

இவ்வளவும் சொன்னபின், ‘தீர்ப்புச் சொல்லும் இடமே விலைக்கு இடம் தருகிறதே, அதனிடத்தில் எனக்கென்ன சத்தியம்?’ என்று ஒரு வியாபாரி கேட்டால், அவரை வாயடைக்க முடியாது. விளம்பரத்தால் ஜீவிக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று பேஜும் பிரினும் தங்கள் 1998-ஆம் வருஷக் கட்டுரையின் பிற்சேர்க்கையில் எழுதினார்கள். 2000-இல் அவர்கள் நிறுவிய கூகுளே விளம்பரங்களை விற்கத் தொடங்கியது. ஆயினும் வியாபாரியின் கடன் கூகுளிடத்தில் இல்லை, தேடி வருகிற அந்நியனிடத்தில் இருக்கிறது. மேலும், பணம் வாங்கிய விளம்பரத்தின் தலையில் அது விளம்பரம் என்று எழுதியிருக்கிறது. அந்த மட்டில் அது மெய் பேசுகிறது. இணைப்புகளுக்கும் அத்தகைய அடையாளம் இல்லாமலில்லை. 2005-இல், இந்த இணைப்பைச் சாக்ஷியாகக் கொள்ளவேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோ-ஃபாலோ என்ற குறியும், 2019-இல் இது காசுக்கு வந்தது என்பதைக் காட்டும் ஸ்பான்ஸர்டு என்ற குறியும் ஏற்பட்டன. குறியிட்ட இணைப்பை வாங்குவதில் பாவமில்லை. ஆனால் குறியை இட்டுவிட்டால் தரவரிசையில் உயர்வதற்கு அதை நம்ப முடியாது. ஆகவே இணைப்பு விற்பவர்கள் தங்கள் விலைப்பட்டியலில், தொகைக்குப் பக்கத்திலேயே, ‘டூ-ஃபாலோ’ என்று, அந்தக் குறி இராது என்பதையும் உத்தரவாதமாக எழுதிக் கொடுக்கிறார்கள்.