பொன்னின் மாற்றும் நாணயத்தின் மதிப்பும்: இடைக்காலப் பொற்காசுகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஹெப்பகோடி, இன்று தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் நிறைந்த ஊராகும். கங்கர், சோழர், போசளர், விசயநகரர் ஆகியோரின் ஆட்சியை அடுத்தடுத்துக் கண்ட நிலப்பகுதி இது. பெங்களூரு வட்டாரத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றை, பி.எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியில் காணலாம். கட்டடங்களுக்காக ஓயாது தோண்டப்படும் இத்தகைய நிலத்தில் பொற்காசுக் குடம் ஒன்று வெளிப்படுமாயின், அதன் மதிப்பை எந்த அளவுகோலால் அளப்பது? கண்டெடுத்தவருக்கு உரியது யாது? இவ்வினாக்களை அறவியல் நோக்கில் ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

உலோக மதிப்பு

எடையும் மாற்றும் உலோக மதிப்பைத் தீர்மானிக்கின்றன. இதனை வணிகரின் குறுகிய பார்வை என்று ஒதுக்கிவிட இயலாது. இடைக்காலக் கல்வெட்டுகள் பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடையிட்டே கூறுகின்றன. சங்கப் புலவர் சிலரின் பெயரில் இடம்பெறும் 'வண்ணக்கன்' என்னும் சொல் நாணய நோட்டகரைக் குறிக்கும். ஆகவே, உரைகல்லில் காசை உரைத்துப் பார்ப்பது அக்காசு புழங்கிய காலத்தவரும் ஏற்ற முறையேயாகும்.

சேகரிப்பு மதிப்பு

காசின் அருமை, தேய்வின்மை, நாடுவோரின் எண்ணிக்கை ஆகியவற்றால் அமைவது சேகரிப்பு மதிப்பு. பெருந்தொகையாகக் கிடைத்துள்ள வீரராயன் பணம் போன்ற காசுகளுக்குப் பொன் விலையை விடப் பெரிதும் மிகுந்த விலை கிடைப்பதில்லை. அரிய காசு பன்மடங்கு விலை பெறுகிறது. காசுமாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைக்கப்பட்ட காசு, பொன்னில் குறையாவிடினும் சேகரிப்போர் பார்வையில் தாழ்ந்துவிடுகிறது. எனவே இம்மதிப்பும் சந்தை விலையேயன்றி வரலாற்று மதிப்பு ஆகாது.

சான்று மதிப்பு

இவ்விரண்டினும் வேறானது சான்று மதிப்பு. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் பொற்காசு ஏறத்தாழ நான்கு கிராம் எடையுடையது. அதிலுள்ள 'ஸ்ரீ தலகாடுகொண்ட' என்னும் கன்னடப் பொறிப்பு, கி.பி. 1116 அளவில் அவன் தலக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றியதை உணர்த்துகிறது. இச்செய்தியைத் தராசு காட்டாது.

வால்டர் எலியட்டின் சேகரிப்பில் இருந்த உத்தமசோழன் பொற்காசு பின்னர்த் தொலைந்துபோயிற்று. அதன் கோட்டோவியம் மட்டும் எஞ்சியிருப்பதால் ஆய்வாளர் அதனை இன்றும் எடுத்தாள்கின்றனர். பொன் மறைந்தும் சான்று நின்றதற்கு இஃது எடுத்துக்காட்டு. பதிவு செய்யாமல் உருக்கப்படும் புதையலில் இதற்கு நேர்மாறாகப் பொன் எஞ்சுகிறது, சான்று அழிகிறது.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் ஒரே கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோகிராம், சராசரியாக ஒரு காசு 3.4 கிராம். இவை தனித்தனியே விற்கப்பட்டிருப்பின் பொன்னும் சேகரிப்பு விலையும் குறைந்திரா. ஆனால், இவையனைத்தும் ஒரே கலத்தில் ஒருசேர இருந்தன என்னும் செய்தி மீட்க இயலாதவாறு அழிந்திருக்கும்.

சட்டமும் அறமும்

கர்நாடகத்தில் 1962-இல் தனிப் புதையல் சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்திற்குரிய 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். அதனை அரசு எடுத்துக்கொள்ளுமாயின், உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் உரியவர்க்கு வழங்கப்படும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ நூறாண்டு கடந்த காசைத் தொல்பொருள் என்கிறது. தொல்பொருள் எனப் போற்றிக் காக்கப்படும் ஒன்று, ஈடு வழங்கும்போது வெறும் பொன்னாக நிறுக்கப்படுவது முரணாகும்.

காசை உருவாக்காத ஒருவர், தற்செயலாகக் கண்டெடுத்தமைக்காக முழு விலையையும் கோருவது முறையா என்று வினவலாம். முழு விலை வழங்குவது தொல்லிடங்களைத் தோண்டத் தூண்டும் என்னும் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், மண் தோண்டுபவர் பெரும்பாலும் நாட்கூலித் தொழிலாளரே. பொதுநலத்துக்கான இழப்பை அவர்மேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது. இங்கிலாந்து, வேல்சு பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சந்தை மதிப்பு வரை வெகுமதி வழங்க இடமளிக்கிறது. தவறிழைத்தோர்க்கு அதனைக் குறைக்கவும் வழியுண்டு. இங்கு வெகுமதி நேர்மையோடு இணைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

உலோக மதிப்பும் சேகரிப்பு மதிப்பும் உடையவரைச் சாரும். சான்று மதிப்பு அனைவர்க்கும் பொதுவானது. காசுகளைக் கிடந்த நிலையிலேயே விட்டு உடன் அறிவிப்பவர், பொன்னை மட்டுமன்றிப் பொதுச் சான்றையும் காக்கிறார். அவர்க்குரிய வெகுமதி அக்காப்புக்கு ஏற்ப அமைதலே அறமாகும். தமிழில் 'நாணயம்' என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. முதற்பொருளை மட்டும் நிறுத்து, இரண்டாவதற்கு மதிப்பு வழங்காத சட்டம் திருத்தத்தை வேண்டி நிற்கிறது.