கஷ்டம் போன பிறகு

வாசிக்க: யோவான் 17:20-26; 18:1-11

ஞாயிறு காலையில் இராயபுரம் கல்மண்டபத்துக் கிறிஸ்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போவார்கள். ஆர்.சி.க்காரர்கள் பூசைக்கு, சி.எஸ்.ஐ.க்காரர்கள் ஆராதனைக்கு, பெந்தெகொஸ்தேக்காரர்கள் வெள்ளை உடுத்திச் சபைக்கு. ஒரே வீட்டுக்குள்கூட இது உண்டு. அந்த வீட்டில் ஒருவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நிலைமை வேறு. "வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க" என்று யாரையும் கூப்பிடுவார்கள், எந்தச் சபை என்று கேட்க மாட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரம்மாவும் முக்காடு போட்டுக்கொள்வார். டிஸ்சார்ஜ் ஆனதும் பழைய கதைதான். கஷ்டம் சேர்த்துவைத்தவர்கள் கஷ்டம் தீர்ந்ததும் பிரிந்துவிடுகிறோம்.

தம்முடையவர்கள் ஒன்றாயிருக்க வேண்டுமென்று இயேசு ஜெபித்த இரவும், பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த இரவும் ஒன்றுதான். அந்த ஜெபம் முடிந்து கெதரோன் ஆற்றைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் வாளை உருவியவர் பேதுரு. நம் இராயபுரத்துக்குப் பெயர் தந்த அதே இராயப்பர். ஆபத்து வந்ததும் அவருக்கு விசுவாசமாகப் பட்டது அது. கர்த்தரோ வாளை உறையில் போடச் சொன்னார்.

கஷ்ட காலத்தில் கூடியவர்கள் ஒன்றாகவே நிலைத்ததும் உண்டு. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். உலகப்போர் ஓய்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. விஷக்காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிருந்தது. சுவிசேஷப் பணியைப் பற்றிப் பேச வந்தவர்கள்தான். இத்தனை பிரிவாக நின்றுகொண்டு எதைச் சொல்வது என்ற இடத்துக்குப் பேச்சு வந்துவிட்டது. வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா அங்கே முன்நின்றார்.

சபைகள் ஒன்றாக வேண்டும் என்று பேசியதை நடத்திக்காட்ட 28 ஆண்டு பிடித்தது. பேராயர் கைவைத்து அபிஷேகம் பெறாத ஐயர்மாரை அப்படியே ஏற்பதா, மறுபடி அபிஷேகம் செய்வதா என்பதிலேயே வருஷங்கள் கரைந்தன. கடைசியில் அப்படியே ஏற்றார்கள். ஆங்கிலிக்கர்களுக்கு அது சின்ன விஷயமே இல்லை. நந்தியாலில் ஒரு பகுதியார் சேரவே மறுத்தார்கள். 1948-ல் ஆங்கிலிக்கப் பேராயர்களின் லாம்பெத் மாநாடும் புதிய சபையோடு முழு ஐக்கியம் கொள்ளவில்லை.

இருந்தும் 1947 செப்டம்பர் 27 அன்று, வடக்கே பிரிவினைக் கலவரத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் சி.எஸ்.ஐ. என்ற ஒரே திருச்சபையானார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை; 1945 ஜனவரி 1-ம் தேதியே இறந்துபோனார்.

சி.எஸ்.ஐ.க்குள் வழக்கும் வாய்தாவும் இல்லாமல் இல்லை, அதை மறைப்பானேன். ஆனால் ஸ்காட்லாந்து மிஷனார் தொடங்கிய ரெய்னி ஆஸ்பத்திரியின் பெயருக்கு முன்னால் இன்று சி.எஸ்.ஐ. என்றிருக்கிறது. அந்தச் சபையில் இன்று நற்கருணை வாங்குகிற பலருக்குத் தங்கள் பூட்டனார் மெதடிஸ்டா, ஆங்கிலிக்கரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.