விலை கொடுத்தால் கடன் தீருமா?

கொச்சியை அடுத்த களமசேரியில் அன்பர் ஒருவரின் இல்லத்தில், கீதையின் மூன்றாம் அத்தியாயத்தைக் குறித்து ஒரு மாலை சத்சங்கம் நடைபெற்றது. அன்பர் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சத்சங்கம் முடிந்ததும் தமது வீட்டுத் தோட்டத்தைக் காட்ட எங்களை அழைத்துச் சென்றார். ஆறு சென்ட் மனை அது. வீடு போக எஞ்சிய இடத்தில் வாழை, சேனை, சேம்பு, முருங்கை. மதிலில் கோவைக்கொடி. மாடியில் பைகளில் வெண்டையும் கத்தரியும் பயறும்.

"சுவாமிஜி, மூன்று வருடமாக நாங்கள் காய்கறிக் கடைக்குப் போவதே அபூர்வம். ஆண்டு முழுவதும் இந்த மண்ணில் விளைந்ததையே சாப்பிடுகிறோம். இனி சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்ல" என்றார் அவர் பெருமிதத்துடன்.

அருகில் நின்றிருந்த அவரது மனைவி சற்றுத் தயங்கிக் கேட்டார்: "எனக்கு ஒரு சந்தேகம், சுவாமிஜி. என் தம்பி ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி விவசாயம் செய்கிறான். அவன் தோட்டத்துக் காய் லாரி ஏறி இங்கேதான் வருகிறது. கேரளத்தில் எல்லோரும் இவரைப் போல ஆரம்பித்துவிட்டால் அவன் பிழைப்பு என்னாவது? நல்லது என்று நினைத்து நாம் செய்வது இன்னொருவன் வயிற்றில் அடிப்பதாக ஆகிவிடாதா?"

அன்று நான் ஏதோ சமாதானம் கூறிவிட்டு வந்தேன். ஆயினும் அந்த அம்மையாரின் கேள்வியும் அவரது கணவரின் சொல்லும் மனத்தை விட்டு அகலவில்லை. உணவு விஷயத்தில் ஒருவன் கடனற்றவனாக ஆக முடியுமா? உண்பதை அருகிலேயே விளைவித்துக்கொள்வது தர்மமா, அல்லது அதுவும் ஒருவகைச் சுயநலமா? இவற்றைச் சற்று ஆழ்ந்து சிந்திப்பது நம் எல்லோருக்கும் பயன்தரும்.

தோட்டம் காட்டும் பஞ்சாங்கம்

முதலில் அந்தத் தோட்டத்தின் பெருமையைக் கூறிவிட வேண்டும். களமசேரிப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 சென்டிமீட்டர் மழை பொழிகிறது. ஜூன் மாதம் தொடங்கும் இடவப்பாதி, ஐப்பசியில் வரும் துலாவர்ஷம் என இரண்டு மழைக்காலங்கள். மண்ணோ செம்புறாங்கல் மண். இயல்பிலேயே புளிப்புத்தன்மை உடையது. சுண்ணாம்பு இட்டுப் பக்குவப்படுத்தாவிட்டால் பல பயிர்கள் தேறா. தக்காளி அங்கே வாடல் நோயால் எளிதில் மடிந்துபோகும். ஆகவே 'எனக்கு இன்ன காய் வேண்டும்' என்ற பிடிவாதத்துடன் ஒருவர் அங்கே தோட்டம் போட முடியாது. 'இந்த மாதம் இந்த மண் எதைத் தரும்?' என்று கேட்கப் பழக வேண்டும்.

கேரளத்தின் பழைய குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு விடை கண்டிருந்தன. சேனைக்கிழங்கைக் கும்ப மாதத்தில், அதாவது நமது மாசியில், நட்டால் குடம்போல் விளையும் என்றும், ஒரு மாதம் பிந்தினால் கண்ணளவே தேறும் என்றும் அங்கே முதியோர் சொல்வர். பலா, மாசியில் பிஞ்சாகவும் சித்திரை வைகாசியில் பழமாகவும் பயன்படும். அதன் கொட்டைகளோ சேமிக்கப்பட்டு மழைக்காலம் வரை குழம்புக்கு உதவும். வேலையும் வருவாயும் அற்றுப்போகும் கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், தகரை, மூக்கிரட்டை, சேம்பு, பூசணி, பயறு முதலிய பத்து வகை இலைகளைப் பறித்துச் சமைக்கும் பத்திலை வழக்கம் உண்டு. அவற்றுள் பல யாரும் விதைக்காமலே வேலியோரம் முளைப்பவை. மார்கழித் திருவாதிரையில் கிழங்குகளைச் சுட்டு எட்டங்காடி என்று நிவேதனம் செய்வர். அப்போது தோட்டத்தில் கிழங்கு முற்றியிருக்கும். எது விளைகிறதோ அதுவே உணவு, அதுவே நைவேத்தியம்.

நாவடக்கத்தைப் பற்றி எத்தனையோ உபதேசங்கள் கேட்கிறோம். ஒரு வருடம் தன் தோட்டத்தை நம்பி உண்பவனுக்கு அது தானாகவே வாய்க்கிறது. அன்று தக்காளி இல்லை. ஆகவே ரசத்துக்குப் புளி. அன்று கீரை மட்டுமே உண்டு. ஆகவே கீரை. விருப்பத்துக்கேற்ப உலகம் வளைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சிறிது சிறிதாகத் தேய்கிறது. கிடைத்ததில் நிறைவு கொள்வது என்று கர்மயோகம் கூறும் மனநிலைக்கு இது நல்லதொரு பயிற்சி அன்றோ!

விலையும் கடனும்

சரி, பணம் இருப்பவர் ஏன் மண்ணைக் கிளற வேண்டும்? கடையில் விலை கொடுத்து வாங்கினால் கணக்குத் தீர்ந்தது, யாருக்கும் எந்தக் கடனும் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர்.

நமது சாஸ்திரங்கள் இதனை ஏற்பதில்லை. மனிதன் ஐவகைக் கடன்களுடன் வாழ்கிறான் என்றும், தேவர், ரிஷிகள், முன்னோர், சக மனிதர், பிற உயிர்கள் ஆகிய ஐவருக்கும் தினமும் யக்ஞமாக அவற்றைச் செலுத்த வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. பகவான் கீதையில், பெற்றதைத் திருப்பிச் செலுத்தாமல் அனுபவிப்பவனைத் திருடன் என்றே குறிப்பிடுகிறார். கவனியுங்கள், விலை கொடுக்காதவனை அவர் அப்படிச் சொல்லவில்லை, திருப்பிச் செலுத்தாதவனையே சொல்கிறார். ஒரு கிலோ கத்தரிக்காய்க்குக் கொடுத்த பணம் வியாபாரியையும் லாரிக்காரரையும் ஓரளவு விவசாயியையும் சென்றடைகிறது. மழைக்கும் மண்புழுவுக்கும் தேனீக்கும், அந்த விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த முகமறியா மனிதர்களுக்கும் அதில் ஒரு பைசாவும் சேர்வதில்லை. விலை என்பது கடனைத் தீர்ப்பதில்லை. அதை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது இந்தத் திரை சற்று விலகியது. கேரளத்தின் காய்கறித் தேவையில் பெரும்பகுதி தமிழகத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருவது. அப்போது கர்நாடகம் தன் எல்லைச் சாலைகள் சிலவற்றை மண் கொட்டி அடைத்தது. கையில் பணம் இருந்தும் லாரி வருமா என்று கேரளத்தினர் கவலையுற்ற நாட்கள் அவை. அந்த ஆண்டிலேயே கேரள அரசு 'சுபிக்ஷ கேரளம்' என்ற திட்டத்தைத் தொடங்கித் தரிசு நிலங்களிலும் வீடுகளிலும் பயிரிட ஊக்குவித்தது. நம் தட்டில் விழும் ஒவ்வொரு கவளத்துக்கும் பின்னால் எத்தனை கைகள் உள்ளன என்பதை அவை நின்றபோதுதான் பலர் உணர்ந்தனர்.

'நானே விளைவித்தேன்'

ஆகவே அன்பர் தோட்டம் போட்டது நற்செயலே. ஆனால் 'யாருக்கும் கடன்பட்டவன் அல்ல' என்ற அவரது சொல்லில், வாங்குபவனின் மயக்கமே வேறொரு வடிவில் வந்து நிற்கிறது. முன்னவன் பணத்தால் கடன் தீர்ந்ததாக எண்ணுகிறான். பின்னவன் உழைப்பால் தீர்ந்ததாக எண்ணுகிறான்.

அந்த ஆறு சென்ட் மனையையே பாருங்கள். உண்ணும் சோற்றுக்கான அரிசி அங்கே விளையவில்லை. பருப்பும் உப்பும் வெளியிலிருந்தே வருகின்றன. தோட்டத்தில் செழித்து நிற்கும் மிளகாயும் பப்பாளியும் மரவள்ளியும் இம்மண்ணுக்கு உரியவையா? இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்கள் வளர்த்துக் காத்தவை அவை. போர்த்துக்கீசியரின் வரவுக்குப் பிறகே நம் நாட்டை அடைந்தன. மட்டாஞ்சேரியின் கிடங்குகளில் மிளகை ஏற்றி அனுப்பிய அதே கடற்கரை மிளகாயை வரவேற்றுக்கொண்டது. 'உள்ளூர்க் காய்' என்று நாம் கொண்டாடுவதிலேயே எத்தனை அயலூராரின் உழைப்பு கலந்துள்ளது!

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெரியாறு கரை கடந்தது. ஆலுவா, ஏலூர், களமசேரியின் தாழ்ந்த பகுதிகள் என எங்கும் வெள்ளம். கொச்சி விமான நிலையமே இரு வாரங்கள் மூடப்பட்டது. தோட்டங்கள் இருந்த இடம் தெரியவில்லை. முகாம்களில் இருந்தவர்களுக்குத் தமிழகத்திலிருந்து அரிசியும் பால்பொடியும் துணிமணியும் லாரிகளில் வந்தன. 2020 'அருகில் விளைவித்துக்கொள்' என்று கற்பித்தது என்றால், 2018 'அதனால் தனித்து நிற்கலாம் என்று நினையாதே' என்று முன்னரே கற்பித்திருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அருகில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தூயதாகிவிடுவதும் இல்லை. 2024 மே மாதத்தில் ஏலூர், வராப்புழைப் பகுதிகளில் பெரியாற்றின் மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்து மிதந்தன. மதிலுக்குள் நஞ்சில்லாத கீரை வளர்ப்பவன், மதிலுக்கு வெளியே ஓடும் நதியைக் குறித்துக் கவலையற்று இருப்பானாயின், அவன் பூத யக்ஞத்தைச் செய்தவன் ஆகான்.

அமெரிக்க ஞானி தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் குடில் அமைத்துச் சுமார் இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் அவரை பயிரிட்டார். பிறரைச் சாராது எளிமையாக வாழ முயன்ற அவரும் அந்த அவரையைக் கொடுத்து அரிசியே பெற்றுக்கொண்டார். பயிரைத் தின்ற விலங்கைக் கண்டு அவர் சினந்ததோடு நிற்கவில்லை. அங்கே முன்பு முளைத்திருந்த செடிகளை அகற்றத் தமக்கு என்ன உரிமை என்றும் தம்மையே கேட்டுக்கொண்டார். தன் கையால் பயிரிட்டவனுக்கே இத்தகைய கேள்வி எழும்.

அருகில் இருப்பவர் யார்?

இனி அந்த அம்மையாரின் சந்தேகத்துக்கு வருவோம்.

1916 பிப்ரவரியில் சென்னையில் மிஷனரிகளின் மாநாட்டில் பேசிய காந்தியடிகள், தொலைவிலுள்ளதை நாடாமல் நமக்கு மிக அருகிலுள்ள சூழலைப் பயன்படுத்தி அதற்கே சேவை செய்யும் உணர்வே சுதேசி என்று விளக்கினார். அது எவரையும் வெறுக்கும் மார்க்கம் அன்று என்பதையும் பின்னாளில் வலியுறுத்தினார். பயன்படுத்துவது, சேவை செய்வது என்ற இரண்டில் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால் சுதேசி, சுயநலமாகச் சுருங்கிவிடும்.

2015இல் தமிழகக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் மிகுதி என்று கேரளம் குறைகூறிச் சோதனைகளைக் கடுமையாக்கியது. தமிழகத் தரப்பு அதனை மறுத்தது. உணவு நஞ்சின்றி இருக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் விவசாயி ஏன் மருந்து தெளிக்கிறார் என்பதையும் நாம் கேட்க வேண்டும். ஒரு புள்ளி, ஒரு துளை இருந்தாலும் கடையில் அக்காயை நாம் ஒதுக்கிவிடுகிறோம். புழு துளைத்த கத்தரிக்காயைத் தன் செடியில் கண்டு, அந்தப் பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்தவர், கடையிலும் அதேபோல் நடந்துகொள்ள முடியும். பேரம் பேசும் முன் அவரது கை சற்றுத் தயங்கும். வீட்டுத் தோட்டத்தின் சிறந்த விளைச்சல் இதுவே என்பேன்: அது நம்மை நேர்மையாக வாங்குபவராக ஆக்குகிறது.

ஆகவே அம்மையாருக்கு நான் கூற விரும்புவது இது. பயணத்தில் வாடிவிடும் கீரையையும் வெண்டையையும் பயறையும் கிழங்கையும் வீட்டில் வளருங்கள். ஈரம் மிகுந்த அம்மண்ணில் நன்கு வராத சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் உங்கள் தம்பியைப் போன்றோரிடமிருந்து மனமுவந்து, உரிய விலைக்கு வாங்குங்கள். இதனால் அவருக்கு ஒரு பைசாவும் நஷ்டம் வராது என்று நான் உறுதி கூற இயலாது. நற்செயல்களுக்கும் வேண்டாத பின்விளைவுகள் உண்டு. நெருப்பைப் புகை சூழ்வதுபோல் எல்லாச் செயல்களையும் குறை சூழ்ந்திருக்கிறது என்று கீதையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தக் குறையை நினைவில் வைத்திருப்பவருக்கும் மறந்துவிட்டவருக்கும் பெரும் வேறுபாடு உண்டு. தோட்டத்தின் நடுவே நின்று தொலைவிலுள்ள தம்பியின் வயிற்றை நினைத்த நீங்கள், மனித யக்ஞத்தை அப்போதே தொடங்கிவிட்டீர்கள்.

நெல்லிக்கனி

களமசேரியை ஒட்டிச் செல்லும் பெரியாற்றின் கரையோடு கிழக்கே சென்றால் ஆதிசங்கரர் அவதரித்த காலடி வருகிறது. பாலசங்கரர் பிட்சைக்குச் சென்ற ஒரு வீட்டில் அன்று ஒரு பிடி அரிசியும் இல்லை. தேடித் தேடிப் பார்த்த அந்த ஏழைப் பெண்மணிக்குக் கிடைத்தது ஒரு நெல்லிக்கனி. அதை அவள் கொடுத்தாள். உருகிய சங்கரர் திருமகளை வேண்ட, பொன் நெல்லிக்கனிகள் பொழிந்தன என்பது நாம் அறிந்த வரலாறு. பொன்மழையைப் பற்றியே நாம் பெரிதும் பேசுகிறோம். இருந்த ஒரே கனியையும் தனக்கென வைத்துக்கொள்ளாத அந்த மனத்தை எண்ணிப் பார்க்கிறோமா?

தைத்திரீய உபநிடதம் பிருகுவுக்கு அன்னத்தைக் குறித்துச் சில விரதங்களை விதிக்கிறது: அதை இகழாதே, ஒதுக்காதே, பெருக்கு. அங்கேயே அது நிற்கவில்லை. இருப்பிடம் நாடி வந்த எவரையும் திருப்பி அனுப்பாதே என்று உடனே தொடர்கிறது. பெருக்குவதும் பகிர்வதும் ஒரே விரதத்தின் இரு பகுதிகள்.

ஆதலால் வாய்ப்புள்ளவர்கள் இரண்டு தொட்டிகளிலேனும் ஏதாவது விளைவியுங்கள். அதன் முதல் விளைச்சலை இறைவனுக்குப் படைத்துவிட்டு அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். அணிலும் கிளியும் கொத்தியதை அவற்றின் பங்கு என விட்டுவிடுங்கள். சில விதைகளைக் காத்து வைத்துக் கேட்பவருக்கு வழங்குங்கள். கடையில் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத அந்த விவசாயியை ஒரு கணம் வணங்குங்கள். கடன் தீர்ந்துவிடாது. அதை அறிந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்தி வருவதே இல்லறத்தாரின் யக்ஞம். அதற்கான மனத்தை அன்னபூரணி நம் அனைவருக்கும் அருள்வாளாக!