பிறரை அறிவதும் ஓர் அமானிதமே

“அந்தச் சனங்களே அப்படித்தான்” என்னும் பேச்சை நம் வீட்டுத் திண்ணைகளில் கேளாதவர் இரார். வேற்றூராரையும் வேற்றுச் சமயத்தாரையும் பற்றி ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். அதே போன்ற தீர்ப்பை நம்மைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டாலோ நெஞ்சு கொதிக்கிறது. ஒரு மக்கட் கூட்டத்தைப் பற்றி அறிவதற்கும் பேசுவதற்கும் அறநெறி என ஒன்று உண்டா? உண்டெனில் அது யாது?

மனித குலத்தை ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைத்துப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று திருமறையின் 49ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. அதற்குச் சற்று முன்னரே, ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது, பட்டப்பெயரிட்டு இழிக்கலாகாது, ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க வேண்டும் என்னும் கட்டளைகள் வந்துவிடுகின்றன. முதலில் நாவடக்கம், பின்னர் அறிதல். இந்த வரிசை எண்ணிப் பார்க்கத் தக்கது.

இவ்வரிசையைத் தம் வாழ்வில் கடைப்பிடித்த பேரறிஞர் ஒருவர் நம் வரலாற்றில் உண்டு. அவர் அபூ ரைஹான் அல்பீரூனி. கி.பி. 973இல் கவாரிஸ்ம் நாட்டில் பிறந்தவர். 1017இல் கஸ்னி மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றியபோது, தம் விருப்பம் கேட்கப்படாமலேயே கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். மஹ்மூதின் படைகள் இந்தியாவிலிருந்து பொருள்களை வாரிச் சென்ற காலம் அது. அல்பீரூனி தேடியதோ அறிவை. நடுவயதைக் கடந்த பின்னர் சமஸ்கிருதம் கற்றார். செலவையும் சிரமத்தையும் பாராது ஏடுகளைத் திரட்டினார்; பண்டிதர்களை நாடினார்; பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். 1030ஆம் ஆண்டையொட்டி, இந்திய மக்களின் சமயம், வானியல், சட்டம், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றை 80 அத்தியாயங்களில் எழுதி முடித்தார்.

அந்நூலின் தொடக்கத்திலேயே, இது வாதப்போருக்கு எழுதப்பட்டதன்று, எதிர்தரப்பாரின் கூற்றை அவர்கள் சொன்னவாறே எடுத்துரைப்பேன் என்று தமக்குத்தாமே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டார். மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தை அழித்தன என்றும், முஸ்லிம்கள்பால் இம்மக்களுக்கு ஏற்பட்ட வெறுப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்றும், கஸ்னியில் வாழ்ந்துகொண்டே எழுதினார். கற்றோரின் கொள்கை வேறு, பாமரரின் வழக்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார். அவ்வேறுபாடு எல்லாச் சமூகங்களிலும், நம்மிடையேயும் உண்டு என்றார். வியப்புக்குரிய இந்திய வழக்கங்களைப் பட்டியலிட்டபோது, இஸ்லாத்துக்கு முந்தைய அரபியரின் தகாத வழக்கங்களையும் நினைவூட்டத் தவறவில்லை.

இதனால் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார் என்று எண்ணிவிடலாகாது. சாதி வேற்றுமையை அவர் ஏற்கவில்லை. இறையச்சத்தைத் தவிர வேறெதிலும் மனிதரிடையே உயர்வு தாழ்வு காணாத நமக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள பெருந்தடை அதுவே என்றார். ஏடுகளையும் பண்டிதர்களையுமே அவர் பெரிதும் சார்ந்திருந்தமையால், உழவரின் குரலும் பெண்டிரின் குரலும் நூலில் அதிகம் ஒலிக்கவில்லை என்னும் குறையும் உண்டு. எனினும், தீர்ப்புக்கு முன் விசாரணை நடந்தது, சாட்சி திரிக்கப்படவில்லை.

மாறான முறையையும் நாம் அறிவோம். ஏனெனில் அதற்கு ஆட்பட்டவர்களில் நம் முன்னோரும் உளர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கார் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். லப்பைகளும் மரைக்காயர்களும் அதில் அகரவரிசையில் இடம்பெற்றனர். பல வழக்கங்களைக் காத்துத் தந்த நூல் அது. அந்த நன்றியை மறுப்பது நீதியாகாது. ஆனால் அவர் கருவி கொண்டு மனிதரின் தலையையும் மூக்கையும் அளந்தார். அளவுகளைக் கொண்டு மக்களின் தராதரத்தையே கணிக்கலாம் என்னும் எண்ணம் அக்கால ஆய்வாளர் பலரிடம் நிலவியது.

பிற்கால அறிவியல் அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. இரத்த வகைகளையும் புரதங்களையும் ஒப்பிட்ட ரிச்சர்டு லெவோன்டின், மனிதரிடையே காணும் மரபணு வேற்றுமையில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட் கூட்டத்துக்கு உள்ளேயே அமைந்திருப்பதை 1972இல் எடுத்துக்காட்டினார். “அந்தச் சனங்கள்” என்று நாம் ஒரே பிடியில் அள்ளுவோர், தமக்குள் அத்துணை வேறுபட்டவர்கள்!

பிறரை அறிவதால் நமக்குக் கிட்டும் மற்றொரு பயனும் உண்டு: நம்மையே நாம் அறிகிறோம். இப்னு பதூதா 1343இல் மாலத்தீவை அடைந்து, அங்குக் காஜியாகவும் பணியாற்றினார். அம்மக்களின் மார்க்கப் பற்றைப் போற்றினார். ஆனால் பெண்கள் இடுப்புக்குமேல் ஆடையின்றி நடமாடும் வழக்கத்தை மாற்ற முயன்று தோற்றார். தம் முன் வழக்குரைக்க வருவோரை மட்டுமே உடல் மறைத்து வரச் செய்ய முடிந்தது என்று அவரே ஒளியாமல் எழுதிவைத்தார். மார்க்கம் ஒன்றாயினும் வழக்காறு பலவாதல் இயல்பு. காயல்பட்டினத்தில் மகளுக்கு வீடு தந்து, மருமகன் அங்கு வந்து வாழ்வது தொன்றுதொட்ட முறை. சுமத்ராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடையே பூர்வீக வீடும் வயலும் பெண்வழியே இறங்குகின்றன. வேறு பல ஊர்களிலோ மணப்பெண் மாமியார் வீடு செல்வதே இயற்கை என்று கருதுவர். ஓரூரை மட்டும் அறிந்தவர் தம் ஊர் வழக்கத்தையே மார்க்கம் என்று கொள்வார். பலவற்றையும் அறிந்தவரே, எது இறைக்கட்டளை, எது முன்னோர் வழக்கு எனப் பிரித்துணர்வார். ஃபிக்ஹு அறிஞர்கள் ‘உர்ஃபு’ என்னும் ஊர் வழக்குக்குத் தனியிடம் வகுத்ததும் இதனாலன்றோ?

ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதைக் குறைக்கவோ மாற்றவோ நமக்கு உரிமை இல்லை. ஒரு சமூகத்தைப் பற்றி நாம் அறிந்த செய்தியும் அத்தகையதே. அதற்கு உரைகல் எளிது: அவர்களைப் பற்றி நாம் சொல்வதை அவர்கள் முன்னிலையில் சொல்ல நம்மால் இயலுமா? கேட்டபின், முடிவை ஏற்காவிடினும், “எங்கள் கூற்றைச் சரியாகவே சொன்னீர்கள்” என்று அவர்கள் ஒப்புவார்களா? அல்பீரூனி ஓர் அந்நிய மொழியைக் கற்று இச்சோதனைக்குத் தம்மை ஆட்படுத்திக்கொண்டார். அடுத்த தெருவில், நம் மொழியையே பேசி வாழ்வோரை அறிய நமக்கு அத்துணை உழைப்பும் வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் செவிமடுக்கும் திண்ணையில், அடுத்த முறை “அந்தச் சனங்கள்” என்று வாய் திறக்குமுன் இதனை நினைவு கொள்வோமாக.