மெய்யும் தீமை பயக்குமோ?

வாய்மைக்கு இலக்கணம் கூறப் புகுந்த வள்ளுவர், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு உரைத்தல் என்று சொல்லி அமைந்துவிடவில்லை. பிறர்க்குத் தீங்கு விளையாமையையே அதற்கு அளவுகோலாக வைத்தார். இதனை மேடைகளில் எடுத்தாள்வோர் பெரும்பாலும் ஒரு பக்கத்தையே பேசுவர். நன்மை தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்பது அப்பக்கம். மறுபக்கமும் உண்டன்றோ? தீமை தருமாயின் மெய்யும் தன் தகுதியை இழக்குமோ? பட்டிமண்டபங்களில் எழாத இவ்வினா, சில இல்லங்களில் நாள்தோறும், சில வேளைகளில் மணிதோறும் எழுகின்றது.

அத்தகைய இல்லம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தமிழகத்திற்கு வெளியே ஒரு நகரில் இரண்டு அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பு. காலையில் சிறிது நேரமே குழாயில் தண்ணீர் வரும். கைகழுவி வந்த இல்லத்தரசி, "ஏங்க, கை சுத்தமாத்தானே இருக்கு?" என்று கேட்கின்றாள். "சுத்தமா இருக்கு, பார்த்தேனே" என்கின்றான் கணவன். அவன் சொன்னது உண்மை. அவள் முகமும் தெளிகின்றது. ஐந்து நிமிடம் சென்றதும், குழாயை மூடியபோது மீண்டும் அழுக்குப் பட்டிருக்குமோ என்ற ஐயம் அவளைப் பற்றுகின்றது. மறுபடி கழுவல், மறுபடி கேள்வி, மறுபடி அதே உண்மை. பிறகு பள்ளிக்குப் புறப்பட்ட மகளையும் சாட்சிக்கு அழைக்கின்றாள். தாத்தா பாட்டி, அத்தை சித்தி என்று பலர் கூடி வாழும் வீடானால் இச்சுமை பலர் மீது பரவும். வேற்றூரில் வாழும் சிறு குடும்பத்திலோ அது இருவர் தோளில் இறங்குகின்றது. வெளியில் சொன்னால் நாளை மகளின் திருமணப் பேச்சுக்கு இடையூறாகுமே என்று வாயை மூடிக்கொள்வதும் உண்டு.

மருத்துவர் இதனை ஓ.சி.டி. என்பர். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று வழங்குகின்றனர். பொருத்தமான பெயர்தான். அழையாமல் ஓர் எண்ணம் வந்து அச்சுறுத்துகின்றது. அச்சத்தைத் தணிக்க ஒரு செயல் செய்யப்படுகின்றது. தணிந்த அச்சம் முன்னிலும் வலிமை பெற்றுத் திரும்புகின்றது. மேசையை ஒழுங்காக வைத்திருப்பவரை "இவருக்கு ஓ.சி.டி." என்று கேலி பேசுவோர் இத்துன்பத்தை அறியாதவர். மடியும் ஆசாரமும் இந்நோயே என்று அடித்துப் பேசுவதும் சரியன்று. மடித் துணி கொடியில் உலர்ந்தால் கடமை முடிந்தது. ஆசாரத்திற்கு ஓர் எல்லை உண்டு. இந்நோய்க்கு அவ்வெல்லை கிடையாது. மிகையாகச் செய்கின்றோம் என்பதைப் பெரும்பாலோர் தாமே உணர்ந்தும், நிறுத்த இயலாது தவிப்பதே இதன் கொடுமை.

கைகழுவல் கண்ணுக்குத் தெரியும் வடிவம். தெரியாத வடிவங்களும் உள. பெற்ற குழந்தையைத் தானே கொன்றுவிடுவோமோ என்றும், சந்நிதியில் நிற்கையில் தெய்வத்தைப் பழிக்கும் சொல் நெஞ்சில் எழுந்ததே என்றும் நடுங்குவோர் பலர். இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா என்னும் உளவியலாளர், ராக்மன் என்பாருடன் இணைந்து 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. நோயற்ற மக்களுள்ளும் பெரும்பாலோர் மனத்தில் இத்தகைய எண்ணங்கள் தோன்றி மறைகின்றன என்று அவர்கள் கண்டனர். வேறுபாடு எண்ணத்தில் இல்லை. அதற்கு நாம் தரும் எடையில் உள்ளது. மனம் மாசின்றி இருத்தலே அறம் என்று கேட்டு வளர்ந்த நம்மவருள் இந்நோயுற்றார்க்கு அந்த நல்லுரையே சாட்டையாகிவிடுகின்றது. பறந்து செல்லும் காக்கையின் நிழல் முற்றத்தில் விழுவதை மாசு என்று யாரும் கழுவுவதில்லை.

இனி மருத்துவத்திற்கு வருவோம். பிராய்டு இந்நோயுற்ற ஒருவரைப் பற்றி 1909ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், நோயின் வேரைப் பேச்சால் தோண்டும் முயற்சியே நடந்தது. விளைந்த பயன் சிறிது. இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் வேறு வழி கண்டார். ஓயாது கழுவும் ஒரு பெண், தெய்வ நிந்தனை எண்ணங்களால் வருந்திய மற்றொரு பெண் ஆகிய இருவரைப் பற்றி 1966இல் அவர் எழுதினார். அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, கழுவவிடாமல் செவிலியர் உடன் இருந்து காத்தனர்; குழாய்களும் மூடப்பட்டன. 1974இல் வெளியான அறிக்கைப்படி, இம்முறையில் மருத்துவம் பெற்ற 15 பேருள் 10 பேர் பெரிதும் தேறினர்.

இன்று யாரும் குழாயை மூடுவதில்லை. நோயாளியும் மருத்துவரும் ஒருங்கே அமர்ந்து, அச்சங்களைச் சிறியது முதல் பெரியது வரை படிப்படியாக எழுதுகின்றனர். முதற்படி கதவின் கைப்பிடியைத் தொடுதலாக இருக்கலாம். தொட்டபின் கழுவாமல் இருத்தல் வேண்டும். நெஞ்சு படபடக்கும். பன்முறை பழகப் பழக, படபடப்பு தானே தணியக் கூடியது, தணியாவிடினும் தாங்கக் கூடியது என்று மனம் கற்கின்றது. மருந்தும் பலருக்குத் துணை செய்கின்றது. நம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது வேறொன்று. "கை சுத்தமாக இருக்கின்றது" என்று மருத்துவர் சொல்வதில்லை. "அழுக்கு இருக்கலாம், வாருங்கள், உண்ணலாம்" என்கின்றார். ஐயம் நீங்கித் தெளிவதே அறிவு என்று நம் நூல்கள் கற்பித்தன. இங்கோ ஐயத்தை நீக்காமலே அதனோடு வாழக் கற்பிக்கின்றனர். பொறுத்துப் பார்த்தால், நாமெல்லாரும் அப்படித்தான் வாழ்கின்றோம். கதவைப் பூட்டினோம் என்பதற்கு எவரிடம் முழுச் சான்று உள்ளது?

இனிக் கணவனின் நிலைக்குத் திரும்புவோம். அவன் இருபதாம் முறை சொல்லும் "சுத்தமா இருக்கு" என்பதும் மெய்தான். ஆயினும் அது கழுவலைப் போன்றே நோய்க்கு இரையாகின்றது. வள்ளுவர் அளவுகோலால் அளந்தால் அச்சொல் வாய்மையின் தகுதியை இழந்துவிட்டது என்றே நாம் கருதுகின்றோம். அப்படியாயின் மறுமொழி தராமை கொடுமை ஆகாதோ? கண்கலங்கி நிற்பவளிடம் ஒரு சொல்லை மறுப்பது அன்போ? நோய் தணிந்திருக்கும் வேளையில் அவளே அமர்ந்து, "நான் கேட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டாம்" என்று உடன்பட்டிருந்தால், அவன் மறுப்பது அவளுக்குத் தந்த வாக்கைக் காப்பதாகும். உடன்பாடின்றி மறுத்தால் அது வெறும் வன்மை. இத்தகைய கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலையே வாய்மூடி நிற்கும் கணவனைவிடப் பதில் சொல்லும் கணவனே மேல். மறுப்பும் படிப்படியாக, மருத்துவர் துணையோடு வருதல் நன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இந்நோய்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பெறலாம். ஐயம் தாய்மொழியில் எழுகின்றது. அதனைப் பிறமொழியில் விளக்குவது எளிதன்று.

உடன்படும் நிலையில் இல்லாத சிறுவர் செய்தி கடினமானது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லெபோவிட்ஸ் என்பார் வகுத்த முறையில், பிள்ளையை மாற்றுமாறு பெற்றோரிடம் சொல்வதில்லை; தாம் செய்வதை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்கின்றனர். அதனையும் முன்கூட்டியே பிள்ளையிடம் தெரிவிக்கின்றனர். நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ இப்படி: "உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுதுடா கண்ணா. உன்னால தாங்க முடியும்னும் தெரியும். நாளையிலிருந்து அம்மா ஒரு தடவைதான் பதில் சொல்லுவேன்." அன்று இரவு அந்த அம்மாவுக்கு உறக்கம் வாராது.